சனாதிபதியும் பிரதமரும்: ஓர் ஒப்பீட்டுப் பாடம்

(மேற்பிரிவு மாணவர்க்கும் அவர்தம் பெற்றோர்க்கும்)



சென்ற மாரிக்காலத்தில் ஒரு சனிக்கிழமைக் காலை, மோர்னிங்சைட் வீதியெங்கும் பனி கொட்டிக்கொண்டிருந்தது. வகுப்பிற்கு வந்தோர் ஒன்பது பேர் மட்டுமே. ஆகையால் பாடநூலை ஒதுக்கிவைத்து, அன்று கையிலிருந்த தமிழ்ச் செய்தித்தாளை வாசிக்கக் கொடுத்தேன். ஒரே பக்கத்தில் அமெரிக்கச் சனாதிபதி, கனடியப் பிரதமர், இந்தியப் பிரதமர், இலங்கைச் சனாதிபதி, இலங்கைப் பிரதமர் ஆகிய ஐவரும் இடம்பெற்றிருந்தனர். வாசித்து முடித்த மாணவி ஒருத்தி, "சேர், சனாதிபதி பெரியவரா, பிரதமர் பெரியவரா?" என்று வினவினாள். அவளருகே இருந்தவன், "அமெரிக்காவில் பிரதமர் இல்லை, கனடாவில் சனாதிபதி இல்லை. இலங்கையில் மட்டும் ஏன் இரண்டு பேரும் இருக்கிறார்கள்?" என்றான்.

நல்ல வினாக்கள். எனினும் மணி அடிப்பதற்குள் விடை கூறி முடிக்க இயலவில்லை. விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு கேட்கப்பட்டபோது, அன்று விட்ட இடத்திலிருந்து தொடரலாம் எனத் துணிந்தேன். இவ்வினாவோடு எனக்குப் பழைய கடன் ஒன்றும் உண்டு. அதனை இறுதியிற் கூறுவேன்.

1. சொல்லும் பொருளும்

தமிழ்ப் பாடசாலையில் எதனையும் சொல்லிலிருந்தே தொடங்குதல் முறை. சனாதிபதி என்பது சனம், அதிபதி என்னும் இரு வடசொற்களின் சேர்க்கை. மக்களின் தலைவர் என்பது அதன் பொருள். இந்தியாவின் சனாதிபதியைத் தமிழ்நாட்டார் குடியரசுத் தலைவர் என்பர். பிற நாட்டுச் சனாதிபதிகளை அங்குள்ள செய்தித்தாள்கள் அதிபர் என்றும் எழுதும். எமக்கோ அதிபர் என்றால் பாடசாலையின் தலைவரே நினைவிற்கு வருவார். பிரதமர் என்பதற்கு முதன்மையானவர் என்பது பொருள். அமைச்சர்கள் பலருள்ளும் முதலில் நிற்பவர் அவர்.

சொல்லின் பெருமையைக் கொண்டு பதவியின் வலிமையை அளத்தல் தவறு. குடியரசுத் தலைவர் என்னும் பெரும் பெயர் தாங்கிய இந்தியத் தலைவர், பிரதமரின் அமைச்சரவை கூறும் ஆலோசனைப்படியே நடத்தல் வேண்டும். இலங்கைச் சனாதிபதியோ 1978 முதல் நாட்டின் மிக வலிய பதவியை வகிப்பவர். ஒரே வகையான பெயர், வேறு வேறான அதிகாரம். ஆகவே பெயரை விடுத்துத் தொழிலை நோக்குவோம்.

2. விளக்கேற்றுபவரும் பாடசாலையை நடத்துபவரும்

எமது ஆண்டு விழாவையே எடுத்துக்கொள்வோம். பிரதம விருந்தினர் மங்கல விளக்கேற்றுகின்றார். அனைவரும் எழுந்து நிற்கின்றோம். பரிசில்களும் அவர் கையாலேயே வழங்கப்படுகின்றன. ஆயினும் எந்த வகுப்பை எவர் கற்பிப்பது, கட்டணம் எவ்வளவு, மண்டபத்திற்கு வாடகை யார் கட்டுவது என்பனவற்றை முடிவு செய்பவர் அதிபரும் நிருவாக சபையினருமே. பெற்றோர் கூட்டத்தில் கேள்விகளுக்கு விடை கூறவேண்டியவர்களும் அவர்களே.

ஒவ்வொரு நாட்டிற்கும் இவ்விரு பணிகளும் உண்டு. நாட்டின் அடையாளமாக நின்று சட்டங்களில் ஒப்பமிடுபவரும் விழாக்களில் முன்னிற்பவரும் அரசுத் தலைவர் ஆவார். வரி விதித்து, வரவு செலவுத் திட்டம் வகுத்து, நாளாந்த ஆட்சியை நடத்துபவர் அரசாங்கத் தலைவர் ஆவார். கனடாவிலும் இந்தியாவிலும் இப்பணிகள் இருவரிடம் உள்ளன. ஐக்கிய அமெரிக்காவில் இரண்டும் ஒருவரிடமே உள்ளன. இலங்கையில் இருவர் இருந்தும், பெரும்பகுதி ஒருவரிடமே குவிந்துள்ளது.

இவற்றை ஒப்பிடுவதற்கு இரண்டு வினாக்கள் போதுமானவை. முதலாவது: இவர் யாருக்கு விடை கூறக் கடமைப்பட்டவர்? இரண்டாவது: யார் யாரை வீட்டுக்கு அனுப்பலாம்? இவ்விரு வினாக்களையும் கையில் வைத்துக்கொண்டு நான்கு நாடுகளைச் சுற்றி வருவோம்.

3. கனடா

கனடா முடியாட்சி நாடு. 2022 செப்ரெம்பர் முதல் மூன்றாம் சாள்ஸ் இதன் மன்னர். அவரது சார்பில் ஒட்டாவாவில் ஆளுநர் நாயகம் கடமையாற்றுகின்றார். குடியுரிமைச் சத்தியப்பிரமாணம் செய்த பெற்றோர் ஒன்றை நினைவுகூர்வர். நாம் விசுவாசம் தெரிவித்தது முடிக்கேயன்றிப் பிரதமருக்கு அன்று. பிரதமர் மாறிப் போகின்றவர். அகதியாக வந்த ஒருவர் அம்முடியின் பிரதிநிதியாகவும் ஆகலாம் என்பதற்கு இந்நாட்டில் இரு சான்றுகள் உள்ளன. 1999 முதல் 2005 வரை ஆளுநர் நாயகமாக இருந்த ஏட்ரியன் கிளார்க்சன், போர்க்காலத்தில் 1942 இல் ஹொங்கொங்கிலிருந்து அகதியாக வந்த குடும்பத்தின் பிள்ளை. அவரை அடுத்துப் பதவியேற்ற மிக்கேல் ஜான், 1968 இல் ஹெயிற்றி நாட்டிலிருந்து அகதியாக வந்தவர்.

ஆட்சி செலுத்துபவர் பிரதமரே. வியப்பு என்னவெனில், 1867 ஆம் ஆண்டின் அரசியலமைப்புச் சட்டத்தில் பிரதமர் பதவி பற்றி ஒரு சொல்லேனும் இல்லை. அப்பதவி மரபினால் நிலைபெற்றது. மக்கள் பிரதமரை நேரடியாகத் தெரிவு செய்வதுமில்லை. எமது வாக்குச்சீட்டில் எமது தொகுதி வேட்பாளர்களின் பெயர்களே உள்ளன. 2011 இல் ராதிகா சிற்சபைஈசன் ஸ்காபரோவிலிருந்து தெரிவாகிக் கனடியப் பாராளுமன்றத்தின் முதற் தமிழ் உறுப்பினரானபோதும், மக்கள் அளித்தது அவருக்குரிய வாக்கே. இவ்வாறு தெரிவாகும் உறுப்பினர் சபையில் எவருக்குப் பெரும்பான்மை ஆதரவு உண்டோ அவரே பிரதமர். 2025 மார்ச் 14 இல் ஜஸ்டின் ட்ரூடோவின் பின் பிரதமரான மார்க் கார்னி, அன்றைய நிலையில் சபை உறுப்பினராகவே இருக்கவில்லை. ஏப்ரில் 28 பொதுத் தேர்தலிலேயே அவர் ஆசனம் பெற்றார்.

இனி எமது இரு வினாக்கள். பிரதமர் யாருக்கு விடை கூறுகின்றார்? சபைக்கு. சபை கூடும் நாட்களில் வினா நேரம் உண்டு. எதிர்க்கட்சித் தலைவர் எழுந்து, முகத்துக்கு முகம் கேட்பார். யார் அவரை அனுப்பலாம்? சபையே அனுப்பலாம். 1979 டிசெம்பரில் ஜோ கிளார்க்கின் அரசு வரவு செலவுத் திட்ட வாக்கெடுப்பில் 139 இற்கு 133 என்ற கணக்கில் தோற்றது. ஆட்சிக்கு வந்து ஏழு மாதங்கள்கூட நிறையவில்லை. 2005 நவம்பரில் போல் மார்ட்டினின் அரசும், 2011 மார்ச்சில் ஸ்ரீபன் ஹார்ப்பரின் அரசும் சபையின் நம்பிக்கையை இழந்தன. எவரும் தெருவில் இறங்கவில்லை. கைகள் எண்ணப்பட்டன, தேர்தல் வந்தது. தேர்தலில் கிளார்க்கும் மார்ட்டினும் தோற்றனர். ஹார்ப்பரோ முன்னிலும் கூடிய பலத்துடன் திரும்பினார்.

பிரதமரும் சபையைக் கலைக்குமாறு ஆளுநர் நாயகத்தைக் கேட்கலாம். ஆயினும் சபை கலையும்போது அவரும் வாக்காளர் முன் சென்று நிற்கவேண்டும். இதனை நன்றாக மனத்தில் இருத்துக. பின்னர் இது பயன்படும்.

கனடிய முறை குறையற்றதன்று. பெரும்பான்மை பலமுள்ள பிரதமர் ஒருவர், கட்சிக் கட்டுப்பாட்டினால் தம் உறுப்பினரை அடக்கி வைத்துக்கொண்டு பெரும் அதிகாரம் செலுத்த முடியும். செனற் சபையினரும் உயர் நீதிமன்ற நீதிபதிகளும் அவரது பரிந்துரையின்படியே நியமிக்கப்படுகின்றனர். 2008 டிசெம்பரில் எதிர்க்கட்சிகள் ஒன்றிணைந்து நம்பிக்கையில்லா வாக்கெடுப்பிற்கு ஆயத்தமானபோது, ஹார்ப்பரின் வேண்டுகோளை ஏற்று ஆளுநர் நாயகம் சபையின் அமர்வை ஒத்திவைத்தார். வாக்கெடுப்பு நடைபெறவில்லை. அது சரியா என்ற விவாதம் நெடுங்காலம் நீடித்தது.

4. ஐக்கிய அமெரிக்கா

அமெரிக்கச் சனாதிபதி அரசுத் தலைவரும் அரசாங்கத் தலைவரும் ஆவார். நான்கு ஆண்டுகளுக்குத் தெரிவாகின்றார். 1951 இல் நிறைவேறிய 22 ஆம் திருத்தத்தின்படி எவரும் இருமுறைக்கு மேல் தெரிவாக முடியாது. அவரும் அவரது அமைச்சர்களும் காங்கிரஸ் சபைகளின் உறுப்பினர்கள் அல்லர். சபை நம்பிக்கை இழந்தது என்பதனால் அவர் பதவி இழப்பதில்லை. பெருங்குற்றம் சாட்டி, செனற் சபையில் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளால் தீர்ப்பளித்தாலன்றி அவரை அகற்ற இயலாது. அன்ட்ரூ ஜோன்சன், பில் கிளின்ரன், இருமுறை டொனால்ட் ட்ரம்ப் ஆகியோர்மீது விசாரணை நடந்தும் எவரும் அவ்வாறு அகற்றப்படவில்லை. ரிச்சர்ட் நிக்சன் 1974 ஓகஸ்ட்டில் தாமே பதவி துறந்தார்.

அசைக்க முடியாத பதவி போலத் தோன்றுகின்றதன்றோ? ஆனால் மறுபக்கத்தையும் நோக்குக. சனாதிபதியைக் காங்கிரஸ் எளிதில் அனுப்ப முடியாதது போலவே, காங்கிரஸைச் சனாதிபதியால் கலைக்க முடியாது. பணப்பெட்டியின் திறவுகோல் காங்கிரஸிடம் உள்ளது. நீதிமன்றங்கள் தனித்து நிற்கின்றன. மாநிலங்களுக்கும் தமக்கென அதிகாரம் உண்டு. இருவரும் ஒருவரையொருவர் வீட்டுக்கு அனுப்ப இயலாமல், ஒரே கூரையின்கீழ் வாழக் கடமைப்பட்டுள்ளனர். அதுவே அம்முறையின் காப்பு.

5. இந்தியா

இந்தியக் குடியரசுத் தலைவரைப் பாராளுமன்ற உறுப்பினரும் மாநிலச் சட்டமன்ற உறுப்பினரும் சேர்ந்து தெரிவு செய்கின்றனர். 1976 ஆம் ஆண்டின் 42 ஆம் திருத்தம், அவர் அமைச்சரவையின் ஆலோசனைப்படியே செயற்படவேண்டும் என வெளிப்படையாகக் கூறிற்று. 1978 ஆம் ஆண்டின் 44 ஆம் திருத்தம் ஒருமுறை மட்டும் மறுபரிசீலனைக்குத் திருப்பியனுப்ப இடமளித்தது. இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம் அவர்கள் 2006 மே மாதத்தில், ஆதாயம் தரும் பதவிகள் பற்றிய சட்டமூலத்தைக் கையொப்பமிடாது திருப்பியனுப்பினார். பாராளுமன்றம் அதனை மீண்டும் நிறைவேற்றி அனுப்பியபோது ஒப்பமிட்டார். தலைவர் எச்சரிக்கலாம், முடிவு செய்வது சபை என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

எச்சரிக்கை மணி அடிக்காது போனால் நேர்வது யாது? 1975 யூன் 25 இரவில், பிரதமர் இந்திரா காந்தியின் ஆலோசனையை ஏற்று, குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமது அவசரகாலப் பிரகடனத்தில் ஒப்பமிட்டார். எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறைப்பட்டனர், செய்தித்தாள்கள் தணிக்கைக்குள்ளாயின. பிரதமர் முறை என்றால் எப்பொழுதும் சுதந்திரம் என்று எண்ணுவோர் இதனை மறத்தலாகாது.

ஒரு வாக்கின் மதிப்பையும் இந்தியா கற்பித்தது. 1999 ஏப்ரில் 17 இல் வாச்பாயியின் அரசு 269 இற்கு 270 என்ற கணக்கில், ஒரேயொரு வாக்கினால் கவிழ்ந்தது. செல்வி ஜெயலலிதாவின் கட்சி ஆதரவை விலக்கியதே அவ்வாக்கெடுப்பிற்குக் காரணமாயிற்று. தமிழ்நாட்டின் ஒரு கட்சியினால் டில்லியின் ஆட்சியை அசைக்க முடிந்தது.

6. இலங்கை: 1948 முதல் 1978 வரை

இப்பொழுது எம் பெற்றோர் பிறந்த நாட்டிற்கு வருவோம். 1948 பெப்ரவரி 4 இல் சுதந்திரமடைந்தபோது இலங்கையும் கனடாவைப் போன்றே இருந்தது. முடியின் சார்பில் மகாதேசாதிபதி இருந்தார். ஆட்சி நடத்தியவர் பிரதமர் டி. எஸ். சேனநாயக்கா. 1972 இல் நாடு குடியரசானபோது மகாதேசாதிபதியாயிருந்த வில்லியம் கோபல்லாவ சனாதிபதியானார். பெயர் மாறியதேயன்றி அவரது பணி பெரிதும் மாறவில்லை. ஆட்சி பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவிடமே இருந்தது.

அக்காலத்தில் சபையின் வாக்குகளுக்கு வலிமை இருந்தது. 1960 மார்ச் தேர்தலின் பின் டட்லி சேனநாயக்கா அமைத்த அரசு, ஏறக்குறைய ஒரு மாதத்திலேயே சிம்மாசனப் பிரசங்க வாக்கெடுப்பில் தோற்றது. எதிர்த்து வாக்களித்தோருள் எஸ். ஜே. வி. செல்வநாயகம் தலைமையிலான தமிழரசுக் கட்சியினரும் இருந்தனர். 1964 டிசெம்பரில் சிறிமாவோவின் அரசு ஒரு வாக்கினால் தோற்றது.

அவ்வாறாயின் பிரதமர் ஆட்சி எமக்கு நன்மையே செய்ததா? வரலாற்று மாணவர் அவ்வாறு கூற முடியாது. மலையகத் தமிழர் இலட்சக்கணக்கானோரை நாடற்றவராக்கிய 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும், 1956 ஆம் ஆண்டுத் தனிச் சிங்களச் சட்டமும் பிரதமர் ஆட்சியிலேயே நிறைவேறின. சிறுபான்மையினருக்குக் காப்பாகச் சோல்பரி யாப்பில் இருந்த 29 ஆம் பிரிவு 1972 யாப்பில் இடம்பெறவில்லை. சபையின் பெரும்பான்மையே அநீதியை விரும்பும்போது, சபைக்கு விடை கூறும் பிரதமர் அதனைத் தடுக்கமாட்டார். அங்கே வேண்டப்படுவது வலிய நீதிமன்றமும் பகிரப்பட்ட அதிகாரமுமே.

7. 1978: இரு முறைகளின் கலவை

1977 தேர்தலில் ஆறில் ஐந்து பங்கு ஆசனங்களை வென்ற ஜே. ஆர். ஜெயவர்த்தனா, 1978 பெப்ரவரி 4 இல் நிறைவேற்று அதிகாரமுள்ள முதற் சனாதிபதியானார். அதே ஆண்டு செப்ரெம்பரில் புதிய யாப்பு நடைமுறைக்கு வந்தது. பிரான்சின் 1958 ஆம் ஆண்டு யாப்பைப் போல, மக்களால் தெரிவாகும் வலிய சனாதிபதியும் அவருக்குக் கீழ்ப் பிரதமரும் என அது அமைந்தது.

எமது இரு வினாக்களை இங்கே கேட்டுப் பாருங்கள். சனாதிபதி யாருக்கு விடை கூறுகின்றார்? பாராளுமன்றத்திற்குப் பொறுப்புடையவர் என யாப்புக் கூறியது. ஆயினும் நம்பிக்கையில்லாப் பிரேரணையினால் அவரை அகற்ற முடியாது. பதவியிலிருக்கும்வரை எந்த நீதிமன்றத்திலும் அவர்மீது வழக்குத் தொடரவும் யாப்பு இடமளிக்கவில்லை. 2015 ஆம் ஆண்டின் 19 ஆம் திருத்தமே, அவரது உத்தியோகபூர்வச் செயல்களுக்கு எதிராக அடிப்படை உரிமை மனுத் தாக்கல் செய்ய வழி திறந்தது. யார் அவரை அனுப்பலாம்? 225 பேர் கொண்ட சபையில் 150 பேர் வாக்களித்து, உயர் நீதிமன்றம் விசாரித்துக் குற்றங்கண்டு, மீண்டும் 150 பேர் வாக்களிக்கவேண்டும். பிரதமரின் அரசைக் கவிழ்க்க 113 வாக்குகள் போதும். இதுவரை எந்தச் சனாதிபதியும் அவ்வழியில் அகற்றப்படவில்லை.

அவர் யாரை அனுப்பலாம்? 1978 யாப்பின்படி பிரதமரை நீக்கலாம். தேர்தல் நடந்து ஓராண்டு கழிந்தபின் பாராளுமன்றத்தையும் கலைக்கலாம். சபை கலைந்தபின் உறுப்பினர்கள் வாக்காளரிடம் செல்வர், சனாதிபதியோ தம் மாளிகையிலேயே இருப்பார்.

பிழை எங்கே உள்ளது என இப்பொழுது தெரிகின்றதா? அமெரிக்கச் சனாதிபதியை அகற்றுதல் கடினம், ஆனால் அவரால் சபையைக் கலைக்க முடியாது. கனடியப் பிரதமர் சபையைக் கலைக்கக் கேட்கலாம், ஆனால் சபையோடு தாமும் தேர்தலுக்குச் செல்லவேண்டும். இலங்கைச் சனாதிபதிக்கு அமெரிக்கரின் உறுதியான ஆசனமும் கிடைத்தது, சபையைக் கலைக்கும் அதிகாரமும் கிடைத்தது. இரு முறைகளிலும் உள்ள தடைகள் மட்டும் வந்து சேரவில்லை. துவிச்சக்கரவண்டி ஓட்டிப் பழகிய யாழ்ப்பாணத்தவர்க்கு இதனை விளக்கவேண்டியதில்லை. பிறேக் இல்லாத வண்டி இறக்கத்தில் எவ்வாறு செல்லும் என்பது அவர்கள் அறிந்ததே.

விளைவுகளும் வந்தன. 1982 டிசெம்பரில் பொதுத் தேர்தலுக்குப் பதிலாகச் சர்வசன வாக்கெடுப்பு ஒன்று நடத்தப்பட்டு, 1977 இல் தெரிவான சபையின் ஆயுள் ஆறு ஆண்டுகள் நீடிக்கப்பட்டது. 1983 யூலை வன்செயல்களின் பின், ஓகஸ்ட்டில் அதே சபை 6 ஆம் திருத்தத்தை நிறைவேற்றியது. அத்திருத்தம் வேண்டிய சத்தியப்பிரமாணத்தைச் செய்யாத தமிழர் விடுதலைக் கூட்டணியினர் ஆசனங்களை இழந்தனர். எம் மக்களின் குரல் சபையில் மிகவும் வேண்டப்பட்ட காலத்திலேயே அது அங்கு ஒலிக்காமற் போயிற்று.

8. ஒரு கூரையின்கீழ் இரு தலைவர்

சனாதிபதி ஒரு கட்சியினராகவும் பிரதமர் மறு கட்சியினராகவும் அமைந்தால் யாது நிகழும்? பிரான்சில் 1986 இற்கும் 2002 இற்கும் இடையில் மும்முறை அவ்வாறு அமைந்தும் ஆட்சி நடந்தது. வெளிநாட்டு விவகாரத்தையும் பாதுகாப்பையும் பெரிதும் சனாதிபதியும், உள்நாட்டு ஆட்சியைப் பிரதமரும் கவனித்தனர்.

இலங்கையில் 2001 டிசெம்பரில் சந்திரிகா குமாரதுங்க சனாதிபதியாக இருக்கையில் ரணில் விக்கிரமசிங்க பிரதமரானார். போர் நிறுத்தமும் பேச்சுவார்த்தையும் நடந்த காலம் அது. 2003 நவம்பரில், பிரதமர் வாசிங்டன் சென்றிருந்த வேளையில், பாதுகாப்பு உள்ளிட்ட மூன்று அமைச்சுக்களைச் சனாதிபதி தம்வசம் எடுத்துக்கொண்டார். 2004 பெப்ரவரியில் சபையும் கலைக்கப்பட்டது. சமாதானத்தை எதிர்பார்த்திருந்த எம் மக்கள், பேச்சு நடத்த அதிகாரமுள்ளவர் யார் என்றே அறியாது நின்றனர்.

2018 ஒக்ரோபர் 26 இல் சனாதிபதி மைத்திரிபால சிறிசேன, ரணிலை நீக்கி மகிந்த ராஜபக்சவைப் பிரதமராக்கினார். நவம்பர் 9 இல் சபையைக் கலைத்தார். ஆனால் 19 ஆம் திருத்தம் பிரதமரை விருப்பப்படி நீக்கும் அதிகாரத்தை எடுத்துவிட்டிருந்தது. நாலரை ஆண்டுகளுக்குமுன் சபையைக் கலைப்பதையும் தடுத்திருந்தது. டிசெம்பர் 13 இல் உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகளும் ஒருமித்து, சபையைக் கலைத்தமை யாப்பிற்கு முரணானது எனத் தீர்ப்பளித்தனர். டிசெம்பர் 16 இல் ரணில் மீண்டும் பிரதமரானார். தடை ஒன்று பொருத்தப்பட்டிருந்தமையால் வண்டி நின்றது. 2020 இல் வந்த 20 ஆம் திருத்தம் அத்தடையைப் பெரிதும் தளர்த்தியது. 2022 ஆம் ஆண்டின் 21 ஆம் திருத்தம் அதனை ஓரளவு மீட்டது.

9. வாசல் இல்லாத வீடு

2022 இல் பொருளாதாரம் வீழ்ந்து, எரிபொருளுக்கும் மருந்துக்கும் மக்கள் அலைந்தனர். மே 9 இல் பிரதமர் மகிந்த ராஜபக்ச விலகினார். சனாதிபதி கோத்தாபய விலகவில்லை, அவரை விரைந்து விலக்கச் சட்டத்திலும் வழி இருக்கவில்லை. யூலை 9 இல் மக்கள் சனாதிபதி மாளிகையினுள் புகுந்தனர். யூலை 13 இல் அவர் நாட்டைவிட்டு வெளியேறி, மறுநாள் பதவி துறந்தார். கிளார்க்கின் அரசை 139 கைகள் அனுப்பிய கதையோடு இதனை ஒப்பிடுக. வாசல் வைக்காது கட்டிய வீட்டிலிருந்து ஒருவரை வெளியேற்றச் சுவரை உடைக்கவே நேரும்.

பின்னர் 134 பாராளுமன்ற உறுப்பினரின் வாக்குகளால் ரணில் எஞ்சிய காலத்திற்குச் சனாதிபதியானார். 2024 செப்ரெம்பரில் அநுர குமார திசாநாயக்க மக்களால் தெரிவானார். ஹரிணி அமரசூரிய பிரதமரானார். நிறைவேற்று அதிகாரச் சனாதிபதி பதவியை ஒழிப்போம் என்னும் வாக்குறுதி 1994 தேர்தலிலிருந்தே கேட்கப்பட்டு வருவது. 2024 தேர்தலும் அப்பதவிக்கே நடைபெற்றது.

அப்பதவிக்குச் சார்பாகக் கூறப்படுவதையும் நீதியுடன் கூறவேண்டும். நாடு முழுவதும் ஒரே தொகுதியாவதால், வேட்பாளர் தமிழர் வாக்கையும் நாடவேண்டும் என்பர். அதில் உண்மை உண்டு. 2005 இல் வடக்கில் பெரும்பாலானோர் வாக்களிக்காத நிலையில், ஏறக்குறைய 1,80,000 வாக்குகளால் முடிவு அமைந்தது. 2015 இல் வடக்குக் கிழக்கு வாக்குகள் சிறிசேனவின் வெற்றிக்குப் பெருந்துணையாயின. ஆனால் வாக்களித்த மறுநாளிலிருந்து அடுத்த தேர்தல் வரை அவரைத் தட்டிக்கேட்கும் பிடி எம்மிடம் இல்லை. 1960 இல் செல்வநாயகத்தின் கட்சியினரிடம் அப்பிடி இருந்தது.

10. பழைய கடன்

ஆகவே, மகளே, உன் வினாவிற்கு என் விடை இது. சனாதிபதியும் பெரியவர் அல்லர், பிரதமரும் பெரியவர் அல்லர். பதவி எதுவாயினும் அதனை வகிப்பவர் விடை கூறவேண்டும். பிழை செய்தால் அமைதியாக வீட்டுக்கு அனுப்ப வழியும் இருக்கவேண்டும். அவ்வழி உள்ள நாட்டில் சனாதிபதியும் நல்லாட்சி தரலாம், பிரதமரும் தரலாம். அது இல்லாத நாட்டில் இருவர் இருந்தும் பயனில்லை.

இனிக் கடனைக் கூறுகின்றேன். பல ஆண்டுகளுக்கு முன் வடபுலத்துப் பாடசாலை ஒன்றில் இதே பாடத்தைக் கற்பித்தேன். சனாதிபதியின் அதிகாரங்களைக் கரும்பலகையில் எழுதி முடித்தபோது, பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், சனாதிபதி பிழை விட்டால் அவரை ஆர் கேட்கிறது?" என்றான். வகுப்பறை யன்னல்கள் திறந்திருந்தன. திறந்த யன்னலருகே சொல்லக்கூடிய விடைகள் அக்காலத்திற் சிலவே. "அது சோதனைக்கு வராது. அடுத்த பக்கத்தைப் புரட்டுங்கள்" என்றேன். அவன் மறுமொழி பேசாது அமர்ந்தான். அடுத்த ஆண்டில் ஊர் இடம்பெயர்ந்தது. அவன் எங்குள்ளான் என்பதை அறியேன்.

அவனுக்குரிய விடையையே இன்று உங்களுக்கு எழுதியுள்ளேன். மோர்னிங்சைட்டில் எங்கள் வகுப்பின் யன்னல்கள் குளிருக்காக மட்டுமே மூடப்படுகின்றன. கேளுங்கள். பதினெட்டு வயதானதும் வாக்களியுங்கள். வாக்களித்தபின் உங்கள் தொகுதி உறுப்பினருக்குக் கடிதம் எழுதிக் காரணம் கேளுங்கள். தமிழிற் சிந்தித்து ஆங்கிலத்தில் எழுதினாலும் நன்றே. பெற்றோரே, பிள்ளைகள் வீட்டில் இவ்வாறான வினாக்களைக் கேட்டால், "அது சோதனைக்கு வராது" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

பயிற்சி வினாக்கள்

1. அரசுத் தலைவர், அரசாங்கத் தலைவர் ஆகியோரின் பணிகளை வேறுபடுத்திக் காட்டுக. கனடாவில் இவர்கள் யாவர்?

2. அமெரிக்கச் சனாதிபதியிடம் இல்லாததும் இலங்கைச் சனாதிபதியிடம் உள்ளதுமான அதிகாரம் ஒன்றைக் கூறி, அதன் விளைவை விளக்குக.

3. 1975 இல் இந்தியாவிலும் 2018 இல் இலங்கையிலும் நிகழ்ந்தவற்றை ஒப்பிடுக. எங்கே தடை செயற்பட்டது? எங்கே செயற்படவில்லை?

4. "பிரதமர் முறை சிறுபான்மையினருக்குத் தானாகவே காப்பளிக்கும்." இக்கூற்றை 1948 முதல் 1972 வரையான இலங்கை வரலாற்றைக் கொண்டு ஆராய்க.

5. உங்கள் தொகுதிப் பாராளுமன்ற உறுப்பினர் யார் என்பதை வீட்டாரிடம் கேட்டறிந்து, அவரிடம் நீங்கள் கேட்க விரும்பும் ஒரு வினாவைத் தமிழில் எழுதி வருக.

அருஞ்சொற்கள்

யாப்பு – நாட்டின் அடிப்படைச் சட்டம், அரசியலமைப்பு.
மகாதேசாதிபதி – ஆளுநர் நாயகம் என்பதற்கு இலங்கையில் வழங்கிய பழைய பெயர்.
சர்வசன வாக்கெடுப்பு – ஒரு வினாவிற்கு ஆம் அல்லது இல்லை என நாட்டு மக்கள் அனைவரும் வாக்களித்தல்.
நம்பிக்கையில்லாப் பிரேரணை – அரசின்மீது சபைக்கு நம்பிக்கை இல்லையெனக் கூறும் தீர்மானம்.
நிறைவேற்று அதிகாரம் – சட்டத்தைச் செயற்படுத்தி ஆட்சி நடத்தும் அதிகாரம்.